தலைக்கட்டு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியத் தோட்டப்புறத்தில் ஆள் தொகையும் வருமானமும் எப்படி மாறின என்று பேச அழைத்திருக்கிறார்கள். அதற்காக ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலின் திருவிழா வரி நோட்டு இது. அட்டை முழுக்க விளக்கெண்ணெய்க் கறை.

எழுபதுகளின் பக்கங்களில் லயத்து எண் (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு), குடும்பத் தலைவர் பெயர், வரி ஐந்து வெள்ளி (ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்) என்று தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, எழுதியிருக்கிறது. கணவனை இழந்தவர் வீடென்றால் அரை வரி. சில பெயர்களுக்கு எதிரே சின்னப் புள்ளி இருக்கும். அந்த ஐந்து வெள்ளியையும் இரண்டு தவணையாகக் கட்டியவர்கள். மாசி, பங்குனியில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், இலையுதிர்க்கும், பால் குறையும். அதை அடுத்துச் சித்திரையில் திருவிழா வந்தால் கையில் காசு எங்கிருந்து வரும்?

1970-இல் தீபகற்ப மலேசியாவில் ஓர் இந்தியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 304 வெள்ளி. மலாய்க் குடும்பத்துக்கு 172, சீனக் குடும்பத்துக்கு 394. நாம் நடுவில் நின்றதைப் பார்த்து நமக்கென்ன குறை என்று எண்ணியவர்கள் உண்டு. பட்டணத்து வழக்கறிஞரையும் எங்கள் அப்பாவையும் ஒரே தராசில் போட்டு நிறுத்த கணக்கு அது. அதேபோல, சம்பளச் சிட்டையில் ஏறாத வருமானமும் எங்களுக்கு இருந்தது. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. பின்புறம் இரண்டு மாடு, ஒரு கீரைப்பாத்தி.

எண்பதுகளில் கித்தாவை அழித்துச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டார்கள். பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டும். செம்பனையில் ஒரு சுற்று குலை அறுத்தால், அதே மரத்துக்குத் திரும்பிவரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். எனவே ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. நோட்டில் லயத்து எண்கள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன. அடித்த இடத்தில் பட்டர்வொர்த், பிறை, ஜொகூர் என்று சிவப்பு மையில் ஊர்ப் பெயர்கள்.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. விடியுமுன் தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை வாங்க, போகும் அம்மாவும் பஸ் ஏறும் மகளும் ஒரே இருட்டில் வீட்டைவிட்டு இறங்குவார்கள். பல வீடுகளில் மகளின் சம்பளம் தகப்பன் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. நோட்டில் அவளைத் தேடினால் தலைக்கட்டுப் பட்டியலில் கிடைக்கமாட்டாள். கடைசிப் பக்கத்தில், உபயம் என்ற தலைப்பின் கீழ், ‘இன்னாரின் மகள், பூமாலை’ என்று இருப்பாள்.

ஆகவே வருமானம் உயர்ந்ததா என்றால் உயர்ந்தது, தோட்டத்தைவிட்டுப் போனவர்களுக்கு. அவர்களிலும் எல்லாருக்கும் இல்லை. மாட்டையும் கீரைப்பாத்தியையும் விட்டுவிட்டு, மலிவு வீட்டின் நான்காம் மாடிக்கு மாத வாடகை கட்டியவர்களுக்குக் கூடுதல் சம்பளம் எந்த மூலைக்குப் போதும்? 2013-இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ஆனது. அது வந்தபோது எங்கள் லயத்தில் அதை வாங்க எங்கள் ஆள் அநேகமாக இல்லை.

அதற்காகத் தோட்டம் காலியாகிவிட்டது என்று யாரும் சொல்லவேண்டாம். இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் அங்கே குலை அறுக்கிறார்கள், சமைக்கிறார்கள், மாலையில் பந்து விளையாடுகிறார்கள். எங்கள் நோட்டில் அவர்களுக்குப் பத்தி கிடையாது, அவ்வளவுதான்.

திருவிழா இன்னும் நடக்கிறது. வெளியூரிலிருந்து கார்கள் வரும். சென்ற கூட்டத்தில் பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார். ஜொகூரிலிருந்து ஒரு பெண் ஆண்டுதோறும் 500 ரிங்கிட் அனுப்புகிறாள், திருமணம் ஆகவில்லை, அப்பாவும் இறந்துவிட்டார். எந்தப் பக்கத்தில் எழுதுவது? அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் தலைக்கட்டுப் பட்டியலில், அவள் அப்பாவின் பழைய லயத்து எண்ணுக்கு நேரே எழுதினார். வரி நூறு, மீதி நானூறு உபயம்.