சைக்கிளைக் கொடுத்தோம், சாலையைக் கொடுத்தோமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சென்னைச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனி இடம் தேவையா என்பது தலைப்பு. கட்டாயம் தேவை என்கிறது எங்கள் அணி.

"இந்த வெயிலில் யார் சைக்கிள் மிதிப்பார்கள்?" என்று கேட்டார் எதிரணி நண்பர். சொல்கிறேன், ஐயா. விடியுமுன் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் செக்யூரிட்டி. கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் நள்ளிரவு வரை சுக்கு காபி விற்கிறவர். இவர்கள் வெயிலுக்கும் பயப்படவில்லை, தூரத்துக்கும் பயப்படவில்லை. முதுகுக்குப் பின்னால் அலறும் ஹாரனுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

அப்புறம் நம் பிள்ளைகள். பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று 2001-02இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். எத்தனை பெரிய விடுதலை அது! அப்படிப்பட்ட மாநிலத்தின் தலைநகரில், அரசு கொடுத்த சைக்கிளை மெயின் ரோட்டில் ஓட்டிப் போக மகளை அனுப்ப ஒரு தாய் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தில் தவறே இல்லை. தவறு சாலையில் இருக்கிறது.

இடமில்லை என்றார்கள். சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள், நாள் முழுக்கக் கார்கள் நிற்கின்றன. நாங்கள் கேட்பது அந்த ஓரத்தைத்தான். தாம்பரத்திலிருந்து பாரிமுனை வரை மிதிக்கச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். மேம்பாலங்களை விட்டால் பெரிதாக ஏற்றமே இல்லாத ஊர் இது.

2014இலேயே மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது: போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும். அதன்பின் பாண்டி பஜார் போன்ற சில இடங்களில் நல்ல நடைபாதைகள் வந்தன, மகிழ்ச்சி. சைக்கிள் பாதை எங்கே? கோடு போட்ட ஓரிரு இடங்களிலும் வண்டிகள் ஏறி நின்றுவிடுகின்றன.

அதனால் வெறும் பெயிண்ட் கோடு வேண்டாம், நடுவர் அவர்களே. கார் ஏற முடியாதபடி தடுப்புக் கல் வைத்த பாதை, முதலில் அரசுப் பள்ளிகளைச் சுற்றி வேண்டும். ரயில் நிலையங்களில் நிழலான சைக்கிள் ஸ்டாண்ட் வேண்டும். வரும் கல்வியாண்டில் சைக்கிள் கொடுப்பதற்கு முன்பே இந்த வேலை தொடங்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்லுங்கள்.