இரண்டாம் கியர் எங்கே முடிகிறது?

வணக்கம் நேயர்களே.

நம் சிங்கப்பூரின் தாம்சன் இயற்கைப் பூங்காவுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே போகிற பழைய அப்பர் தாம்சன் சாலை குறுகலானது. இரண்டு பக்கமும் காடு. குரங்கு எந்த நேரத்தில் குறுக்கே பாயும் என்று சொல்ல முடியாது, அதனால் கார்கள் ஊர்ந்துதான் போகும். அந்தச் சாலையையும் பக்கத்தில் இருக்கும் அப்பர் தாம்சன் சாலையையும் சேர்த்து 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடத்தினார்கள். ஒரு சுற்று 4.8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

என் அப்பா அந்தக் கூட்டத்தில் நின்றவர். நியூசிலாந்துக்காரர் கிரேம் லாரன்ஸ் 1969, 1970, 1971 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்ததை நேரில் பார்த்தவர். யார் எத்தனை மைல் வேகத்தில் போனார்கள் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. ‘டெவில்ஸ் பெண்ட்’ வளைவு வருவதற்கு முன்னால் ஓட்டுநர் கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பார், ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஒரு படி ஏறிக் கத்தும். அதைத்தான் வாயாலேயே செய்து காட்டுவார், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், கையில் சோற்றோடு.

எந்த ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதற்கு அதிக சந்தோஷம் தரும், சாலையிலும் சரி, பந்தயத் தடத்திலும் சரி, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஆசையோடு வாழ்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் நிரந்தரமான பந்தயத் தடம் கிடையாது. மரீனா பே இருக்கிறதே என்பீர்கள். 2008 முதல் அங்கே இரவில் ஃபார்முலா 1 நடக்கிறது, பெருமைதான். ஆனால் பந்தயம் முடிந்து தடுப்புகளைக் கழற்றிவிட்டால் அது மறுபடியும் பேருந்து போகிற சாலை. உங்களுக்கும் எனக்கும் தடம் என்றால் மலேசியாவின் சிப்பாங்தான். எல்லை தாண்டி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு விமானத்தில் போகிறவர்களும் இருக்கலாம். மற்றவர்கள் அதே காரை ஓட்டிக்கொண்டு போய், தடத்தில் நாலைந்து தடவை இறங்கி ஓட்டி, அதே காரில் இரவு வீடு திரும்ப வேண்டும். ஆகவே நான் கார்களை ஒப்பிடுவது அந்த ஒரு நாளை வைத்துத்தான். விடியற்காலை சோதனைச்சாவடியில் தொடங்கி, ராத்திரி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார்நிறுத்துமிடத்தின் ஐந்தாவது மாடி வளைவில் ஏறி நிற்கிற வரைக்கும்.

முதலில் சாலை. நம்முடைய விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கார்களைப் பாருங்கள். போர்ஷே 718 கேமன் ஜிடி4. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், 420 குதிரைத்திறன், எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை போகும். அருமையான எஞ்சின். ஆனால் அதன் கியர்கள் நீளமானவை. இரண்டாம் கியரிலேயே 130-ஐத் தாண்டிவிடும். அப்படியென்றால் கிழக்கே சாங்கியிலிருந்து மேற்கே துவாஸ் வரைக்கும் ஓட்டினாலும் அந்தக் காரின் இரண்டாம் கியரை நீங்கள் ஒரு முறைகூட முழுசாகப் பயன்படுத்த முடியாது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் சும்மா இருக்கின்றன. எஞ்சினின் நல்ல பாட்டெல்லாம் மேல் சுற்றில் இருக்கிறது, நீங்களோ கீழ்ச் சுற்றிலேயே இருக்கிறீர்கள்.

இப்போது மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டு லிட்டர், 184 குதிரைத்திறன், எடை ஒரு டன்னை ஒட்டித்தான். முதல் கியர் 60-க்குப் பக்கத்தில் முடியும். இரண்டாவது 100-க்குப் பக்கத்தில். விரைவுச்சாலையில் நுழையும் அந்தச் சரிவுப்பாதையில் முதல் கியரைக் கடைசி வரை இழுத்து, கிளட்சை மிதித்து, இரண்டாவதுக்கு மாற்றி, அதையும் ஏறக்குறைய உச்சம் வரை கொண்டுபோய், 90-இல் போய்ச் சேரலாம். சட்டத்தை மீறவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை. காரில் இருப்பதைக் கிட்டத்தட்ட முழுசாக அனுபவித்தாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான் நேயர்களே. காரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதில் எவ்வளவு உங்கள் கைக்கு எட்டும் என்று கேளுங்கள்.

கென்ட் ரிட்ஜ் பக்கம் சவுத் புவனா விஸ்டா சாலை இருக்கிறது. பழைய ஆட்கள் ‘99 வளைவு’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, முந்தின இரவு மழை பெய்திருந்தால், ஈர இலை வாசனை திறந்த கூரை வழியாக உள்ளே வரும். என் எம்எக்ஸ்-5-ஐ அங்கே நான் வேக வரம்புக்குள்தான் ஓட்டுகிறேன், சைக்கிள்காரர்கள் வருவார்கள், நடப்பவர்கள் வருவார்கள். இருந்தும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். இடது வளைவு முடிந்து வலது தொடங்கும் இடத்தில் காரின் எடை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்வது இடுப்பில் தெரியும். ஸ்டியரிங் கனக்கும், லேசாகும், மறுபடியும் கனக்கும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது குதிகாலால் ஆக்ஸிலேட்டரைத் தட்டி எஞ்சின் சுற்றைச் சேர்த்தால் கார் குலுங்காமல் இறங்கும். அது சரியாக விழும்போது அப்பா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போட்ட சத்தம் நிஜமாகவே கேட்கும்.

அதே சாலையில் ஒரு தடவை நண்பரின் போர்ஷே 911 ஜிடி3 ஓட்டினேன். 2021-இல் வந்த மாடல். 510 குதிரைத்திறன், டர்போ இல்லாத நாலு லிட்டர் எஞ்சின், 9,000 சுற்று. அந்தக் காரின் ஸ்டியரிங் போல் சொன்ன சொல் கேட்கிற ஸ்டியரிங்கை நான் அதிகம் பிடித்ததில்லை. ஆனால் அங்கே அது தூங்கிக்கொண்டிருந்தது. பின் டயரின் இரைச்சல், சின்னக் கல் பட்டாலும் அடிப்பக்கத்திலிருந்து வரும் சத்தம், கார்நிறுத்துமிட மேட்டில் ஏறும் ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தை உயர்த்தும் பொத்தானைத் தேடும் கவலை. குறை காரில் இல்லை. அதற்குரிய இடம் அது இல்லை.

அதற்குரிய இடத்திலும் அதை ஓட்டியிருக்கிறேன். சிப்பாங் 1999-இல் திறந்த தடம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பார்வையாளர் மாடத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள், நடுவில் ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு. நண்பர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். நேர்ப்பாதையின் கடைசியில் 240-ஐத் தாண்டியது. 7,000 சுற்றில் எஞ்சின் முடித்துவிட்டது என்று நம் உடம்பு நினைக்கும். அதற்கு மேல் இன்னும் 2,000 இருக்கிறது. குரல் மெலிந்து, கூர்மையாகி, உச்சந்தலையில் ஏறுகிறது. ஐந்தாவது, ஆறாவது வளைவுகள் இடமும் வலமுமாக அகலமாக, வேகமாக வருபவை. அங்கே முன் சக்கரங்கள் சாலையைப் பிடித்திருக்கிற பிடியை விரல் நுனியில் எண்ணலாம் போலிருந்தது. 911 வரிசையின் சாலைக் கார்களில் முன்பக்கம் ‘டபுள் விஷ்போன்’ சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கிற அமைப்பு, வந்தது இந்த மாடலில்தான். அது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை, கையில் தெரிகிறது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கினேன். பிரேக் பெடல் முதல் சுற்றில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். தடத்தில் சந்தோஷத்தை முதலில் கெடுப்பது அதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால், என் சொந்தக் காரில், நாலாவது சுற்று. பின் நேர்ப்பாதை முடிந்து 15-ஆம் வளைவுக்கு பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி வரைக்கும் வெறுமனே போனது. பஞ்சை மிதித்த மாதிரி. மறுபடி மறுபடி வேகமாக மிதித்து, எப்படியோ பிடி வந்து, வளைவின் வெளி ஓரத்தைத் தாண்டி, தடத்துக்கு வெளியே இருக்கும் காலி இடத்தில் போய் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. போவதற்கு முதல் வாரம்தான் ஒரு பணிமனையில் பிரேக் ஆயில் மாற்றியாயிற்று என்று பில் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்து வேறொருவரிடம் விட்டேன். குழாய் வழியாக அவர் வடித்த ஆயில் பால் சேர்க்காத கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. புது ஆயில் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம்முடையது ஈரக்காற்று ஊர். டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும், பிரேக் பேட் வரை போய்ச் சேராது.

இங்கேதான் எடையும் வேகமும் கணக்குக் கேட்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. நிஸான் ஜிடி-ஆர் ஏறக்குறைய 1,750 கிலோ. அது 240-இல் வருகிறது, என் எம்எக்ஸ்-5 போல 1,050 கிலோ கார் 180-இல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிடி-ஆரிடம் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவ்வளவும் ஒவ்வொரு சுற்றிலும் சூடாக மாறி, நாலு பிரேக் தட்டுகளிலும் டயர்களிலும் இறங்க வேண்டும். ஜிடி-ஆர் எனக்கு மரியாதைக்குரிய கார். நாலு சக்கரமும் இழுக்கும், மழை பெய்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதைப்போல் தைரியம் தருகிற கார் குறைவு. ஆனால் சிப்பாங் வெயிலில் அதை ஓட்டுகிறவர் இரண்டு சுற்று வேகமாகப் போனால் ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிட வேண்டும். பேட், டயர் செலவும் அந்தக் கணக்குப்படியே வரும்.

ஹோண்டா சிவிக் டைப் ஆர் குடும்பஸ்தருக்கு நான் சொல்கிற கார். பின்னால் பிள்ளைகள் உட்காரலாம், 300 கிலோமீட்டர் முதுகு வலிக்காது, முன்சக்கர இழுவைக் கார் என்று நம்ப முடியாதபடி வளைவில் நுழையும். ஆல்பைன் ஏ110-ஐயும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், 1,100 கிலோதான். அதன் மென்மையான சஸ்பென்ஷன் நம் ஊர் மேடுகளுக்கென்றே செய்தது போலிருக்கும். மேனுவல் கியர் இல்லை என்ற ஒரே வருத்தம் எனக்கு.

விலையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார் வைத்திருக்க வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் பத்து வருடத்துக்குத்தான். 2023-இல் வந்த மாற்றப்படி, காரின் சந்தை மதிப்பில் 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 320 விழுக்காடு. ஜிடி3 வாங்க முடிந்தவர் மேனுவல் கியரோடு வாங்குங்கள், வாங்கினால் மாதம் ஒரு தடவையாவது எல்லை தாண்டுங்கள். அந்தக் கார் கண்ணாடிக் கூடத்தில் தூசி தட்டப்படுவதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. மற்றவர்களுக்கு, பழைய எம்எக்ஸ்-5, அல்லது டொயோட்டா ஜிஆர்86. 2.4 லிட்டர், 1,300 கிலோவுக்கும் குறைவு, பின்சக்கர இழுவை, பின்னால் ஒரு பை வைக்க இடம். நிகழ்ச்சி தொடங்குமுன் இங்கே ஒரு தம்பி கேட்டார், “அண்ணே, 500 குதிரை இல்லாமல் சிப்பாங் போனால் எல்லோரும் முந்திப் போய்விடுவார்களே?” போவார்கள் தம்பி. கண்ணாடியைப் பார்த்து, வழிவிட்டு, அடுத்த வளைவை இன்னும் சுத்தமாக எடுங்கள். நேர்ப்பாதையில் முந்தினவர் 14-ஆம் வளைவில் திருப்பிக்கொண்டே பிரேக் பிடிக்கத் திணறுவதைப் பின்னாலிருந்து பார்ப்பீர்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லை தாண்டும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும், நம் சட்டம். அங்கே நம் வண்டிகளுக்கு ரோன் 95 பெட்ரோல் போட அனுமதியில்லை, 97 போடுங்கள். பிரேக் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று, வடிகிற நிறத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

டயர் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் காருக்குக் குளிர்ந்த டயரில் காற்றழுத்தம் 29 பிஎஸ்ஐ. தடத்தில் நாலு சுற்று போனால் சூட்டில் 35, 36-க்கு ஏறி, டயர் உப்பிப் பிடி போய்விடும். அதனால் தடத்தின் ஓரத்தில் கார்களைக் கவனிக்கும் இடமான பிட்டில் நிறுத்திக் கொஞ்சம் காற்றை இறக்குவோம். மாலையில் டயர் ஆறியதும் அது 23, 24-க்கு வந்துவிடும். அந்தக் காற்றோடு நெடுஞ்சாலையில் 110-இல் மூன்று மணி நேரம் போனால் டயரின் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கலாம். எல்லோரும் களைப்பாக இருப்பார்கள், சாப்பிடப் போகலாம் என்பார்கள். ஹெல்மெட்டைப் பையில் வைத்து, டயர் ஆறியதும், வேறு எதையும் செய்வதற்கு முன்னால், காற்றடிக்கும் பம்ப்பை எடுத்து நாலு டயருக்கும் 29 ஏற்றிவிட்டு, அப்புறம் சாப்பிடப் போங்கள்.

வணக்கம்.