டோர்ஃப், தோர்ப், ட்ரோப்: ஒரு ஊர்ப்பேரோட வாலைப் பிடிச்சு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனில ஹம் நகரத்துல இருக்கற காமாட்சி அம்பாள் கோயிலைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, இலங்கைத் தமிழர்கள் கட்டினது, 2002-ல கும்பாபிஷேகம் ஆச்சு, தேர்த் திருவிழா அன்னிக்கு பக்கத்து நாடுகள்ல இருந்தெல்லாம் ஆயிரக்கணக்குல ஜனங்க வந்து சேருவாங்க. அந்தக் கோயில் ஹம் டவுனுக்கு நடுவுல இல்ல, ஊன்ட்ரோப்னு ஒரு பகுதில இருக்கு. இந்த ஊன்ட்ரோப்ல கடைசில வர்ற 'ட்ரோப்' இருக்கு பாருங்க, இன்னிக்கு நான் பேச வந்தது அதைப் பத்திதான்.

ட்ரோப்னா வேற ஒண்ணும் இல்ல, டுசல்டோர்ஃப்ல வர்ற அதே டோர்ஃப். கிராமம்னு அர்த்தம். டுசல்ங்கறது ரைன் நதில போய்ச் சேர்ற ஒரு சின்ன ஓடை, அந்த ஓடைக்கரை கிராமம்தான் டுசல்டோர்ஃப். 1288-ல வோரிங்கன்ங்கற இடத்துல கொலோன் ஆர்ச்பிஷப்புக்கும் பெர்க் நாட்டுப் பிரபுவுக்கும் ஒரு பெரிய சண்டை, பிரபு பக்கம் ஜெயிச்சுது, அதே வருஷம் அவர் இந்தக் கிராமத்துக்கு நகர அந்தஸ்து குடுத்துட்டார். இப்ப ஆறு லட்சம் பேருக்கு மேல இருக்கற மாநிலத் தலைநகரம், ஆனா பேர்ல மட்டும் இன்னும் கிராமமாவே இருக்கு.

சரி, டோர்ஃப் எப்படி ட்ரோப் ஆச்சு? உண்மையில பழசு டோர்ஃப் இல்ல, 'தோர்ப்'. முதல்ல நாக்கைப் பல்லுல வச்சு சொல்ற த, கடைசில ப. தெற்கு ஜெர்மன் பேச்சுல அந்த ப எல்லாம் ஃப ஆகிடுச்சு, இங்கிலீஷ்ல ஹெல்ப்னு சொல்றதை அவங்க ஹெல்ஃபன்ங்கறாங்க, ஷார்ப்னா ஷார்ஃப், ஷிப்னா ஷிஃப். முன்னாடி இருக்கற த-வும் மாறிடுச்சு, இங்கிலீஷ் த்ரீ அங்க ட்ரை, திங் அங்க டிங். வடக்குப் பக்கம் இந்த ஃப மாத்தம் போய்ச் சேரவே இல்ல, டுசல்டோர்ஃப்காரங்களே பழைய உள்ளூர் பேச்சுல டுசல்டோர்ப்னுதான் சொல்லுவாங்க, ஸ்கூல் புத்தகத்து ஜெர்மன்தான் அதை டோர்ஃப் ஆக்கி வச்சிருக்கு. ஹம் இருக்கற வெஸ்ட்ஃபாலியா பகுதில இன்னொண்ணு நடந்துச்சு, நடுவுல இருந்த ர் ஒரு எட்டு முன்னாடி தாவி டோர்ப் ட்ரோப் ஆகிடுச்சு. அதான் ரூர் பகுதில நிலக்கரிச் சுரங்க ஊர்களைப் பாத்தீங்கன்னா போட்ரோப், வால்ட்ரோப், காஸ்ட்ரோப்-ரௌக்ஸல்னு வரிசையா வரும். இதே வார்த்தை மேற்கால போய் இப்ப பிரான்ஸ்ல இருக்கற லொரேன் பக்கம் 'ட்ரோஃப்' ஆகி உக்காந்திருக்கு, பெனெஸ்ட்ரோஃப்னு ஒரு ஊர் இருக்கு, ஜெர்மன்ல அதுக்கு பென்ஸ்டோர்ஃப்.

இங்கிலாந்துல கதை இன்னும் சுவாரஸ்யம். 9ஆம் நூற்றாண்டோட பின்பாதில டேனிஷ் வைக்கிங்குங்க வந்து வடக்கயும் கிழக்கயும் நிலத்தைப் பிடிச்சு உக்காந்துட்டாங்க, லிங்கன்ஷயர், யார்க்ஷயர் எல்லாம். அந்தப் பக்கம்தான் தோர்ப்னு முடியற ஊர் கொட்டிக் கிடக்கு. ஸ்கந்தோர்ப் ஒண்ணு, ஸ்கூமாங்கற ஆளோட தோர்ப். 1086-ல வில்லியம் ராஜா நாடு பூரா எடுத்த நிலக் கணக்குலயே அந்த ஊர் இருக்கு. பாவம் அந்த ஊருக்கு 1996-ல ஒரு வினோதமான தொல்லை, பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை ஒளிஞ்சிருக்கறதால ஏஓஎல்ங்கற இன்டர்நெட் கம்பெனியோட ஃபில்டர் அந்த ஊர்க்காரங்களை அக்கவுண்டே ஓப்பன் பண்ண விடல, இன்னிக்கும் கம்ப்யூட்டர்காரங்க இந்த மாதிரி தப்பான தடைக்கு ஸ்கந்தோர்ப் பிராப்ளம்னுதான் பேர் சொல்றாங்க. எங்கயோ ஒரு வைக்கிங் குடியானவன் வச்ச பேர், ஆயிரம் வருஷம் கழிச்சு சாஃப்ட்வேர்காரன் வாயில மாட்டுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் க்ளீதோர்ப்ஸ், அதே லிங்கன்ஷயர்ல கடற்கரை ஊர். க்ளீங்கறதுதான் பழைய தாய்க் கிராமம், அதை ஒட்டி முளைச்ச ரெண்டு மூணு சின்னக் குடியிருப்புங்களுக்கு 'க்ளீயோட தோர்ப்புகள்'னு பேர், அதான் கடைசில அந்த ஸ். தோர்ப்னா வெறும் கிராமம்னு சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி. தாய் ஊர்ல இடம் பத்தாம, இல்ல உழற நிலம் தூரமா இருக்குன்னு, கொஞ்சம் குடும்பங்க தள்ளிப் போய்க் கொட்டகை போட்ட இடம், அதுதான் தோர்ப். டென்மார்க்லயும் இதே கதைதான், பெரிய பழைய ஊர்களுக்கு வேற மாதிரி பேர் இருக்கும், அதுல இருந்து பிரிஞ்சு போன ஊர்களுக்குத்தான் தோர்ப் வரும், முன்னாடி பெரும்பாலும் ஒரு ஆள் பேர் ஒட்டிக்கிட்டிருக்கும். ஆனா அங்க தேய்ஞ்சு 'ரூப்' ஆகிடுச்சு, பாலரூப், க்ளோஸ்ட்ரூப், அப்புறம் கோபன்ஹேகன் ஏர்போர்ட் இருக்கற காஸ்ட்ரூப். ஸ்வீடனோட தெற்கு முனைல இன்னும் தேய்ஞ்சு வெறும் 'ஆர்ப்'. நார்வேல தேயாம முழுசா டோர்ப்னே ஒரு ஏர்போர்ட் இருக்கு, ஆஸ்லோ டோர்ப்னு டிக்கெட் விப்பாங்க, நம்பி இறங்கினா ஆஸ்லோ அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல.

இங்க ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன், காதுக்கு ஒண்ணா கேக்கறதெல்லாம் ஒண்ணு இல்ல. பெல்ஜியத்துல இருக்கற ஆன்ட்வெர்ப் நகரத்தையும் சிலர் இந்தக் கூட்டத்துல சேத்துடறாங்க. அது தோர்ப் இல்லவே இல்ல. அங்க ஊர்க்காரங்க சொல்ற கதை வேற, ஒரு ராட்சசன் கையை வெட்டி ஆத்துல எறிஞ்சாங்க, கை எறிஞ்ச இடம்தான் ஆன்ட்வெர்ப்னு, அதுக்கு டவுன் ஹால் முன்னாடி சிலையே இருக்கு. சிலை நல்லா இருக்கு, கதையை நான் நம்பல.

இந்த வார்த்தையோட வயசு என்னன்னு பாத்தா, ஜெர்மன், இங்கிலீஷ், டேனிஷ், ஸ்வீடிஷ் எல்லாம் சேந்த ஜெர்மானிக் மொழிக் குடும்பத்துலயே நீளமா எழுதி வச்ச முதல் நூல்னா 4ஆம் நூற்றாண்டுல வுல்ஃபிலா பிஷப் காத்திக் மொழில பண்ண பைபிள் மொழிபெயர்ப்பு, அதுல இந்த வார்த்தை வருது, ஆனா கிராமம்ங்கற அர்த்தத்துல இல்ல, வயல், நிலம்ங்கற அர்த்தத்துல. இங்கிலாந்து தோர்ப்புகளை ஆராய்ச்சி பண்ணவங்கள்லயும் சிலர், இது குடியிருப்போட அளவைச் சொல்ற பேர் இல்ல, உழவு நிலத்தோட சேந்த பேர்னு வாதாடறாங்க. எனக்கு அது சரின்னு படுது, வீடு எத்தனைன்னு யார் எண்ணினா, ஏர் எங்க ஓடுதுங்கறதுதான் அந்தக் காலத்துல ஊர்.

கடைசியா ஸ்வீடன். மத்த எல்லா இடத்துலயும் தோர்ப் வளந்து ஊராச்சு, நகரமாச்சு, அங்க மட்டும் சுருங்கிடுச்சு. ஸ்வீடிஷ்ல இன்னிக்கு டோர்ப்னா ஒத்தை வீடு, ஒரு சின்னக் குடிசையும் கூடக் கொஞ்சம் நிலமும். அந்தக் காலத்துல நிலம் வேற ஒருத்தரோடதா இருக்கும், டோர்ப்ல இருந்தவன் வாடகைக்குப் பதிலா அவர் பண்ணையில நாள் கணக்குல வேலை செய்யணும். 1682-ல பதினோராவது கார்ல் ராஜா ராணுவத்தை மாத்தி அமைச்சப்ப, சில பண்ணைகள் சேந்து ஒரு சிப்பாயை வச்சுக் காப்பாத்தணும்னு ஏற்பாடு, அந்த சிப்பாய்க்குச் சம்பளத்தோட ஒரு டோர்ப். 1901-ல கட்டாய ராணுவ சேவைக்கு மாறின வரைக்கும் அந்த ஏற்பாடு இருந்துச்சு. இதுல ஒரு சிக்கல், ஒரே படைப்பிரிவுல ஆண்டெர்ஸன்னு பத்துப் பேர் நின்னா எவனைக் கூப்பிடறது? அதனால சிப்பாய்க்குச் சின்னதா ஒரு பேர் வச்சாங்க, ராஸ்க்னா சுறுசுறுப்பு, மூதிக்னா தைரியசாலி, ஸ்வார்ட்னா வாள். பல இடத்துல அந்தப் பேர் ஆளுக்கு இல்ல, டோர்ப்புக்கு, பழைய சிப்பாய் போய் புதுசா ஒருத்தன் குடி வந்தா அவனும் அதே பேரைத் தூக்கிக்கணும். அந்தப் பேர்கள்ல நிறைய இன்னிக்கு ஸ்வீடன்ல குடும்பப் பேரா நடமாடுது, அந்தக் குடிசைங்க செவப்புப் பெயிண்ட் அடிச்சு ஸ்டாக்ஹோம்காரங்களுக்குக் கோடைக்கால வீடா விக்குது.

நேரம் முடியுதுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டறாங்க. கேட்டுட்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.