கலப்பைக்குப் பின்னால் வரும் பறவைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் பென்னாகரம் பக்கத்து மேட்டு நிலங்களில் டிராக்டர் ஓடத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் உட்காருவேன். ஆளுக்கொரு நோட்டு, ஒரு பென்சில். கலப்பைக்குப் பின்னால் எந்தெந்தப் பறவை வருகிறது, எத்தனை வருகிறது, எதைக் கொத்துகிறது என்று அவர்கள் எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

காக்கையும் மைனாவும் முதலில் வரும். உண்ணிக்கொக்குகள் கலப்பையை ஒட்டியே நடக்கும். கரிச்சான் வேலங்கிளையிலோ மின்கம்பியிலோ காத்திருந்து, மண்ணிலிருந்து எழும்பும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். கொண்டலாத்தி சத்தமெல்லாம் அடங்கிய பிறகு வரும். நீண்ட அலகை ஈர மண்ணுக்குள் விட்டுத் துழாவி, புழுவை இழுத்தெடுக்கும். அதைப் பார்க்கும்போது பிள்ளைகள் மூச்சுவிடவும் மறந்துவிடுவார்கள்.

நிலக்கடலைக்கு எமனாக வரும் சிவப்புக் கம்பளிப்புழு, கூட்டுப்புழுவாக இந்த மண்ணுக்குள்தான் கோடை முழுவதும் உறங்கிக் கிடக்கிறது. வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுவும் மண்ணுக்குள்தான். கோடை உழவில் இரண்டும் மேலே வந்து விழுகின்றன. வெயில் பாதியைக் கொல்கிறது, பறவை மீதியைத் தின்கிறது. ‘சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று பெரியவர்கள் சொன்னதில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஓர் ஆண்டு பிள்ளைகளின் நோட்டில் வியப்பான ஒன்று பதிவானது. அடுத்தடுத்த இரண்டு கொல்லைகள், ஒரே செம்மண். ஒன்றில் ஆண்டுதோறும் ஆட்டுப்பட்டி போடுவார்கள்; அடைத்த ஆடுகளின் புழுக்கை மண்ணுக்கு உரமாகும். ராகிக்கு இடையில் சால் விட்டு அவரையும் ஆமணக்கும் விதைப்பார்கள். மற்றதில் பல ஆண்டுகளாக கடையில் வாங்கும் மூட்டை உரமும், குருணையாகத் தூவும் பூச்சி மருந்தும் மட்டுமே. முதல் கொல்லையில் பறவைகள் மொய்த்தன. இரண்டாவதில் டிராக்டர் தனியாக ஓடியது.

ஒரு நாள் கணக்கை வைத்து மண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அதனால் ஐப்பசி மழை வரும்வரை காத்திருந்தோம். கோடையில் மண்புழு ஆழத்துக்குப் போய்விடும், அப்போது தோண்டிப் பயனில்லை. மழைக்குப் பிறகு இரண்டு கொல்லையிலும் ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம் தோண்டினோம். ஆட்டுப்பட்டி போட்ட கொல்லையில் மண்புழுக்கள் நெளிந்தன. மண்ணுக்கு மழை வாசனை இருந்தது. மற்றதில் ஒரு புழுகூட இல்லை. இரண்டிலும் ஒவ்வொரு கட்டியை எடுத்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் டம்ளரில் போட்டோம். முதல் கட்டி அப்படியே நின்றது. இரண்டாவது கட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து சேறானது.

வேரும் பூஞ்சையும் மண்புழுவும் சுரக்கும் பசைதான் மண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பசை இல்லாத செம்மண்ணில் ஒரு கனமழை பெய்து வெயில் அடித்தால் மேல்மண் ஏடு கட்டியதுபோல் இறுகிவிடும். விதைத்த ராகி முளை முட்டி வெளியே வர முடியாது. அடுத்த மழை உள்ளே இறங்காமல், மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையில் போய்ச் சேரும். தருமபுரி மானாவாரி விவசாயிக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன இருக்கிறது?

மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில் எங்கள் வரப்பில் காய்ந்து நின்ற புல்லுக்குத் தீ வைத்தேன். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான். மறுநாள் சாம்பலைக் கிளறியபோது கௌதாரி முட்டைகள் ஆறு, வெடித்துக் கருகிக் கிடந்தன. பூச்சி பொறுக்க வந்த பறவையின் வீட்டையும், மண்ணைப் போர்த்தியிருந்த புல்லையும் ஒரே தீக்குச்சியில் அழித்திருந்தேன். அதன் பிறகு எங்கள் வரப்பில் தீ வைத்ததில்லை.

மயிலால் படும் நட்டத்தைப் பற்றி நேயர்கள் கேட்பீர்கள். அது உண்மையான வேதனை; விதைத்த கடலையைத் தோண்டித் தின்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் கரிச்சானையும் கொண்டலாத்தியையும் சேர்த்து விரட்டிவிட வேண்டாம். கரிச்சானுக்கு வேண்டியது உட்கார ஓர் இடம்தான். பயிருக்கு மேலே தலை தெரியும்படி டி வடிவத்தில் குச்சி நட்டுவையுங்கள். ராகி கதிர் முற்றும் நேரத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைகளும் அதில் வந்து உட்காரும்.

கணக்கெடுக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், 2015 முதல் தமிழ்நாடு முழுவதும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அவர்களும் சேரலாம். பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினால் போதும்.

போன சித்திரையில் உழவுக்கு நடுவே ஆள்காட்டி ஒன்று கத்திக்கொண்டே டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றது. வரப்பிலிருந்த ஒரு சிறுமி எழுந்து ஓடிக் கையை ஆட்டினாள். வெறும் மண்ணில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக நான்கு முட்டைகள். ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். சுற்றிலும் நான்கு குச்சி நட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் விட்டு உழுதார். மூன்று வாரம் கழித்துப் போனபோது குஞ்சுகள் உழவுச் சாலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. சிறுமி தன் நோட்டில் எழுதினாள்: ‘ஆள்காட்டி, பெரியது இரண்டு, சிறியது நான்கு.’

நன்றி, வணக்கம்.