ஓடும் ஆலையில் ஒரு வரியைத் திருத்துவது

[காட்சி: புதுவயல். ஆலை முற்றத்தில் உமிக் குவியல், பாய்லரின் புகைபோக்கி. கேமரா மெல்ல உள்ளே சென்று கட்டுப்பாட்டுப் பேனலில் நிற்கிறது.]

காரைக்குடியை அடுத்த புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெல் சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் ஊறி, நீராவியில் அவிந்து, டிரையரில் ஈரப்பதம் ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகே அரைவைக்குப் போகும். இந்த ஓட்டத்தின் நடுவில், ஊறல் நேரத்தை நான்கு மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைக்கும்படி முதலாளி சொல்கிறார். தொட்டிகளில் நெல் ஊறிக்கொண்டிருப்பதால் ஆலையை நிறுத்த அவருக்கு மனமில்லை. நிறுத்தாமலே திருத்தலாம். பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி அதற்கு இடம் கொடுக்கிறது.

ரிலேக்கள் எனப்படும் மின் சுவிட்சுகளையும் வயரிங்கையும் பிரித்து மாட்டாமல் இயந்திரத்தின் போக்கை மாற்ற வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் 1968இல் இந்தக் கருவிக்கான முயற்சியே தொடங்கியது. ஆகவே திருத்த முடியுமா என்பதில் ஐயமில்லை. திருத்தும் அந்த நொடியில் இயந்திரம் எதன் நடுவில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

[காட்சி: திரையில் லேடர் புரோகிராம், ரங்குகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

பி.எல்.சி. முதலில் சென்சார்களின் நிலையைப் படிக்கிறது. பிறகு புரோகிராமை, ரங் எனப்படும் ஏணிப்படி போன்ற வரிகளாக, மேலிருந்து கீழாக ஓட்டுகிறது. அதன்பின் வால்வுகளுக்கும் மோட்டார்களுக்கும் கட்டளை அனுப்புகிறது. பெரும்பாலும் சில மில்லி நொடிகளிலோ சில பத்து மில்லி நொடிகளிலோ முடியும் இந்தச் சுற்று, மீண்டும் மீண்டும் நடக்கிறது. சுற்றுக்குச் சுற்று மாறாமல் இருப்பது புரோகிராம்; மாறிக்கொண்டே இருப்பது நினைவகத்திலுள்ள மதிப்புகள், அதாவது டைமர் எவ்வளவு ஓடியிருக்கிறது, எந்த வால்வு திறந்திருக்கிறது, வரிசையில் எத்தனையாவது படி நடக்கிறது என்பவை. திருத்துபவர் புரோகிராமைப் பார்த்துக்கொண்டிருப்பார். விபத்து பெரும்பாலும் மதிப்புகளின் பக்கமிருந்து வருகிறது.

நம் ஆலைக்கே வருவோம். இரண்டாம் தொட்டியின் டைமர் மூன்று மணி பத்து நிமிடமும், மூன்றாம் தொட்டியின் டைமர் மூன்று மணி நாற்பது நிமிடமும் ஓடியிருக்கின்றன. எல்லாத் தொட்டிகளுக்கும் பொதுவான அந்த எண்ணை நான்கிலிருந்து மூன்றாக மாற்றி என்டர் தட்டிய அடுத்த சுற்றிலேயே, இரண்டு டைமர்களும் தங்கள் நேரம் முடிந்துவிட்டதாக அறிவிக்கும். இரண்டு தொட்டிகளும் ஒரே நேரத்தில் வெந்நீரை வடித்துவிட்டு நீராவி கேட்கும். ஒரு தொட்டிக்கே அளவாக ஓடும் பாய்லராக இருந்தால் அழுத்தம் இறங்கும். இரண்டிலும் நெல் அரைகுறையாக அவியும். மாற்றிய எண்ணில் பிழையே இல்லை. மாற்றிய நேரம்தான் பிழை. தொட்டிகள் காலியாக இருக்கும்போதோ, எல்லா டைமர்களும் மூன்று மணிக்குக் கீழே இருக்கும்போதோ செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

[காட்சி: ஒரு ரங் சிவப்பாகி மறைகிறது, எலிவேட்டர் மோட்டாரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது.]

ரங்கை அழிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. மோட்டாரை ஓட்டும் ரங்கை அழித்தால் மோட்டார் நின்றுவிடும் என்றே தோன்றும். ராக்வெல் நிறுவனத்தின் கன்ட்ரோலர்களில், அதாவது பி.எல்.சி.க்களில், ரங் மெய்யாக (அதன் நிபந்தனை நிறைவேறி) இருந்தபோது அதை அழித்தால், அது இயக்கிய அவுட்புட் கடைசியாக இருந்த நிலையிலேயே தங்கிவிடும். அதை அணைக்கும்படி சொல்ல இனி யாரும் இல்லை. முதலில் நிபந்தனையைப் பொய்யாக்கி, மோட்டார் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு அழிக்க வேண்டும்.

அந்தக் கன்ட்ரோலர்களில் திருத்தத்தை ஏற்றி, சோதனையில் ஓட்டி, சரியென்றால் மட்டும் நிலைப்படுத்தும் வசதி இருக்கிறது. சோதனையின்போது பழைய ரங் நினைவகத்திலேயே இருப்பதால், ஒரு கிளிக்கில் திரும்பிவிடலாம். நல்ல வசதிதான், ஆனால் அதை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் எண்ணம். திரும்பி வருவது ரங் மட்டுமே. வடிந்த வெந்நீர் தொட்டிக்குத் திரும்புவதில்லை. மேலும், டைமரின் எண்ணைப் போன்ற மதிப்புகளை நேரடியாக மாற்றும்போது இந்தச் சோதனைப் படியே கிடையாது. தட்டியவுடன் அது நடைமுறைக்கு வந்துவிடும். சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்7-1500 வகை பி.எல்.சி.யில் வேறொரு கண்ணி உண்டு: மதிப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத் தொகுதியின் அமைப்பை மாற்றி இறக்கினால், அதற்கென முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தாலன்றி, அதிலுள்ள மதிப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ஊறலின் நடுவில் இருந்த தொட்டி, தான் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும்.

[காட்சி: பிரஷர் டிரான்ஸ்மிட்டர், அருகில் ஊசி முள் கேஜ்.]

கட்டமைப்பு எண்களும் இப்படித்தான். அழுத்தத்தை 0 முதல் 10 பார் வரை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பழுதாகி, கையில் கிடைத்த 0 முதல் 16 பார் வகையை மாட்டினால், இரண்டுமே 4 முதல் 20 மில்லியாம்பியர்தான் அனுப்பும். வயர் சரியாகப் பொருந்தும். புரோகிராமில் ஸ்கேலிங்கை, அதாவது மில்லியாம்பியரைப் பாராக மாற்றும் கணக்கை, மாற்ற மறந்தால், உண்மையில் 8 பார் இருக்கும்போது 12 மில்லியாம்பியர் வரும், திரையோ 5 என்று காட்டும். பாய்லரின் சேஃப்டி வால்வும், எமர்ஜென்சி ஸ்டாப்பும், நீர்மட்டம் குறைந்தால் எரிப்பை நிறுத்தும் அமைப்பும் இந்தப் புரோகிராமை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது இதனால்தான். அவற்றோடு தொடர்புடைய எதையும் ஓட்டத்தில் தொடவே கூடாது. அதற்கு நிறுத்தம்தான் வழி, முதலாளி என்ன சொன்னாலும்.

[காட்சி: பேனல் ஓரத்தில் நீள நோட்டுப் புத்தகம்.]

தொடங்குமுன், கன்ட்ரோலரில் இப்போது ஓடுவதையும் லேப்டாப்பில் இருப்பதையும் ஒப்பிட்டு, நடப்பு மதிப்புகளோடு ஒரு நகல் எடுக்க வேண்டும். ஏற்கெனவே யாராவது ஃபோர்ஸ் போட்டு, அதாவது புரோகிராமை மீறி ஒரு நிலையைக் கட்டாயமாகப் பூட்டி, வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பிறகு நோட்டில் தேதி, நேரம், பழைய எண், புதிய எண், காரணம், கையெழுத்து. ஐந்தொகை என்னும் வணிகக் கணக்கு எழுதிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: எழுதியதை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போட்டே திருத்துவார்கள்.

திருத்தும்போது வால்வுக்கு அருகில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் சொல்லாமல் பேனலில் இருப்பவர் என்டர் தட்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ரங்கைத் திருத்தியிருந்தால், ஒரு முழு ஊறல், அவியல், வடிப்பு முடியும் வரை சோதனை நிலையிலேயே விட்டு, அதன்பின் நிலைப்படுத்தி, புதிய நகலைச் சேமித்துவிட்டு, கன்ட்ரோலரின் சாவியை, லேப்டாப்பிலிருந்து திருத்த இடம் தரும் ரிமோட்டிலிருந்து, திருத்த இடம் தராத ரன்னுக்குத் திருப்பி உருவி எடுத்து ஆபரேட்டரிடம் கொடுத்துவிடலாம்.