மீட்டரில் சிமிட்டும் அந்தச் சிவப்பு விளக்கு

வணக்கம் மக்களே. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பேசுகிறேன். மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டிருக்கிறேன், பின்னால் உய்ங்கென்று ஒரு சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கள் வீட்டு கரண்ட் மீட்டர் அட்டை. இந்த வரி தெரிகிறதா? 562 யூனிட். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு. பணம் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. நெய்வேலியை மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நமக்கு இந்தக் கதியா என்று எங்கள் அத்தை ஒரு வாரம் புலம்பினார்.

562 என்பது ஏன் வயிற்றெரிச்சல் என்றால், அந்தப் பில் வந்த சமயம் நம் தமிழ்நாட்டுக் கணக்கில் 500 ஒரு எல்லைக்கோடாக இருந்தது. அப்போது முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500க்குள் இருந்தால் அடுத்த 100க்குப் பாதி விலைதான். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் அடி. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். பாண்டிச்சேரியில் இருக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு மாதாமாதம் பில், கட்டணமும் வேறு.

பில் ஏறினால் எல்லோரும் முதலில் ஏசி மேல் பழியைப் போடுவோம். நானும் போட்டேன். 22இல் ஓடியதை 26க்கு மாற்றி, கூடவே மின்விசிறியையும் போட்டேன். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி இழுக்கும் கரண்ட் சுமார் ஆறு சதவீதம் குறையும் என்பார்கள், அது சரிதான். ஆனால் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று தெரியாமல் குறைத்துக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மீட்டரிடமே கேட்டேன்.

கேமராவை மீட்டர் பெட்டிக்குக் கொண்டுபோகிறேன். இந்தச் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதல்லவா, அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 3200 என்று இருக்கிறது. 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். உங்கள் மீட்டரில் எண் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, 60ஆல் பெருக்கி, 3200ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று வந்துவிடும்.

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். ஃபிரிட்ஜ், டிவி பெட்டி, வைஃபை, கொசுவிரட்டி எல்லாம் பிளக்கோடு பிடுங்கியாகிவிட்டது. இன்வெர்ட்டரின் முன் பட்டனையும் அணைத்தேன். வீடே இருட்டு. "தானே புயல் திரும்பவும் வந்துவிட்டதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். டார்ச்சோடு வந்து பார்த்தால், விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு நான்கு.

நான்கு என்றால் 75 வாட். பழைய மின்விசிறி ஒன்று இரவும் பகலும் சுற்றுவதற்குச் சமம். ஒரு நாளைக்கு 1.8 யூனிட், அறுபது நாளைக்கு 108. எதுவுமே ஓடாத வீட்டில்!

குற்றவாளி இன்வெர்ட்டர். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, எங்கள் தெருவில் பதினைந்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, இனி இப்படி இருக்க முடியாது என்று வாங்கியது. இப்போது அதில் இருப்பது ஏழு வருடப் பேட்டரி. முன் பட்டனை அணைத்தால் இன்வெர்ட்டரே அணைந்துவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. சுவரில் பிளக் இருக்கிற வரை அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினேன், சிமிட்டல் நின்றது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். சூடு. மூடியைத் திறந்தால் லேசாக அழுகிய முட்டை நாற்றம். உள்ளே இருக்கிற ஆறு அறையில் ஒன்று செத்துவிட்டது அக்கா, இது எவ்வளவு குடித்தாலும் நிறையாது, இன்வெர்ட்டரும் ஊற்றிக்கொண்டே இருக்கும் என்றார். ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஒரு விஷயம்: அந்த நாற்றம் வந்தால் பக்கத்தில் தீக்குச்சி, விளக்கு எதுவும் கொண்டுபோகாதீர்கள். பேட்டரியிலிருந்து வெடிக்கக்கூடிய வாயு வரும், ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப் பேட்டரி போட்டோம். காசு கையைக் கடித்தது, அதை மறைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியாது, வேறு வழி? இப்போது எல்லாவற்றையும் அணைத்தால் நிமிடத்துக்கு ஒரே சிமிட்டல்.

அப்புறம், கூடத்து மின்விசிறி. அத்தை பகலெல்லாம் அதற்குக் கீழேதான் இருப்பார், பதினைந்து மணி நேரம் சுற்றும். அதை மட்டும் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகை மின்விசிறியாக மாற்றினேன். 75 வாட் இழுத்த இடத்தில் 30தான், இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். மற்ற அறை மின்விசிறிகளை மாற்றவில்லை, ராத்திரி கொஞ்ச நேரம் சுற்றுவதற்கு மூவாயிரம் ரூபாய் போடுவது வீண். எல்இடி பல்பெல்லாம் நீங்கள் ஏற்கெனவே மாற்றியிருப்பீர்கள், அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த ரீடிங் 438. கோடை முடிந்ததும் ஒரு காரணம், முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் கையில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் நின்றது. அத்தை அதில் ஒரு கிலோ வஞ்சிரம் கேட்டிருக்கிறார், துறைமுகத்துக்குப் போய் வாங்க வேண்டும்.

இன்று வேகமாகச் சிமிட்டுகிறதே என்று பார்க்கிறீர்களா? அது மோட்டார், ஒரு குதிரைத் திறன், நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் போகும். எண்ணவே... ஐயோ, மோட்டார்! தொட்டி வழிகிற சத்தம் உங்களுக்கும் கேட்கிறதா? இருங்கள், ஓடிப்போய் அணைத்துவிட்டு வருகிறேன்.