அம்மம்மாவின் சிரிப்பை எங்கே வெட்டுவது?

வணக்கம். இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை, வெள்ளவத்தை வீட்டில்தான் இருக்கிறேன். இடையில் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த ஒரே ஒரு படத்தை எங்கே வெட்டுவது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதோ, திரையில் பாருங்கள். போன ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலில் எடுத்தது. இவர் என் அம்மம்மா. போனைத் தூக்கினாலே அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி முகம் இறுகிவிடும். அதனால் சொல்லாமல், தள்ளி நின்று எடுத்தேன். இறால் வடையைக் கடித்துவிட்டு, உறைப்புத் தாங்காமல் கடல் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார். ஆனால் வலப்பக்கம் யாரோ ஒருவரின் தோள், மேலே ஒரு பட்டத்தின் வால், கீழே குப்பைத் தொட்டி. இதற்குள் அம்மம்மாவைத் தேட வேண்டியிருக்கிறது.

ஏன் கிட்டே போகவில்லை? போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்குப் பெருத்து, காதுகள் பின்னால் ஒடுங்கிவிடும். அது தூரத்தால் வருவது. ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டினால், நாம் பார்த்துப் பழகிய முகமாகவே இருக்கும்.

வெட்டினால் தெளிவு போய்விடாதா? 12 மெகாபிக்சல் படத்தில் ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளிகள். இரண்டு பக்கமும் பாதியாக்கினால் 2000க்கு 1500 மிஞ்சும். 6க்கு 4 அங்குலத்தில் நல்ல தெளிவாகக் கழுவ 1800க்கு 1200 போதும். பயப்படாமல் வெட்டலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வெட்டாதீர்கள், அது பெரும்பாலும் சுருங்கித்தான் வந்திருக்கும்.

சரி, முதலில் முகத்தை மட்டும் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் சிரிக்கிறார்? வடை போய்விட்டது, காற்று போய்விட்டது. ஏதோ கல்யாண மண்டபத்தில் எடுத்தது போல இருந்தது. மணிக்கட்டோடு கோடு விழுந்ததால் கையும் துண்டாகத் தெரிந்தது. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் இந்த மூட்டுகளில் வெட்டவே கூடாது. கொஞ்சம் மேலே அல்லது கீழே தள்ளிவிடுங்கள்.

கையைத் திரும்பக் கொண்டுவந்தேன். இடப்பக்கம் வெறும் கடல்தானே என்று அதை வெட்டினேன். அப்போது அம்மம்மா சுவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆகிவிட்டது! அவர் பார்க்கிற பக்கம் இடம் வேண்டும். கடலைத் திருப்பிக் கொடுத்தேன். தோளும் தொட்டியும் போயின. பட்டத்தை விட மனமில்லை, ஆனால் வால் மட்டும் தொங்கி என்ன பயன், அதுவும் போனது.

நம் ஓட்டோக்களின் பின்னால் ஒட்டியிருக்கும் சே குவேரா முகமும் இப்படி வெட்டிய படம்தான். 1960 மார்ச்சில் கியூபாவின் ஹவானாவில் அல்பெர்தோ கோர்டா என்ற புகைப்படக்காரர் எடுத்தது. முழுப் படத்தில் ஒரு பக்கம் இன்னொருவர் முகம், மறுபக்கம் மரத்து ஓலை. இரண்டும் போன பிறகு மிஞ்சிய பார்வையைத்தான் உலகம் முழுக்கத் தெரியும்.

கடைசியாக ஒன்று. போன் படத்தின் நீள அகல விகிதம் 4க்கு 3, கழுவுகிற தாளுக்கு 3க்கு 2, அதனால் மிஞ்சுவதைக் கடையில் வெட்டிவிடுவார்கள். போன மாதம் ஒரு கடையில் அப்படியே கொடுத்தேன், அம்மம்மாவின் உச்சிக் கொண்டை காணாமல் போய்த் திரும்பி வந்தது. இப்போது 3க்கு 2 அளவில் நானே வெட்டிக் கொடுக்கிறேன்.

இந்தக் காணொளியில் போடலாமா என்று நேற்று அம்மம்மாவிடம் கேட்டேன். "வாயில வடையோட போடுறதா? அதை வெட்டு பிள்ளை" என்றார். முகம் மட்டும் இருந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கனநேரம் பார்த்தார். அப்புறம் வடை இருக்கிற படத்தில் விரலை வைத்து, "இதில ரெண்டு கழுவு, ஒன்றை கனடாவுக்கு மாமாவுக்கு அனுப்பு" என்றார்.